பள்ளி வாசலில் வெல்ஷ் வரவில்லை: குறைவது இலக்கணமா, துணையா?

கேள்வி, 19 ஜனவரி 2025

பிரிட்டனில், வேல்ஸின் வட பகுதியில், பாங்கரில் இருக்கிறோம். மகன் இந்த ஊர் மொழியான வெல்ஷ் வழிப் பள்ளியில் படிக்கிறான். வந்த சில மாதங்களிலேயே சரளமாகப் பேசத் தொடங்கிவிட்டான். நான் மாலை வகுப்பில் மனெட்யாட் என்ற தொடக்க நிலை முடித்து இப்போது அடுத்ததான சல்வாயன் படிக்கிறேன். வகுப்பில் பேச வருகிறது. பள்ளி வாசலில் மற்ற அம்மாக்கள் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. தட்டுத் தடுமாறி ஒரு வாக்கியம் சொன்னால் உடனே ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் ஆங்கிலம் நன்றாகத் தெரியும். என் அரைகுறை வெல்ஷைக் கேட்க வைத்து அவர்கள் பொழுதை ஏன் வீணாக்க வேண்டும்? இலக்கணம் முழுசாகக் கைவந்த பிறகு பேசுவதுதான் சரி என்று முடிவு செய்திருக்கிறேன். யாராவது மறுப்பீர்களா?

19 ஜனவரி 2025, இரவு

மறுக்கிறேன்.

இலக்கணம் முழுசாகக் கைவரும் நாள் என்று ஒன்று வராது. உங்களைப் பயமுறுத்துவது முதலெழுத்து மாற்றம்தானே? என் பூனை, உன் பூனை, அவள் பூனை என்று சொல்லும்போது பூனைக்கான சொல்லின் முதல் ஒலி ஒவ்வொரு இடத்திலும் வேறாக வரும். இங்கே பிறந்து வளர்ந்தவர்களே பேச்சில் இதில் சிலவற்றை விட்டுவிடுகிறார்கள். யாரும் நிறுத்திவைத்துத் திருத்துவதில்லை. வல்லினம் மிகும் இடம், மிகா இடம் எல்லாம் தெரிந்த பிறகா நாம் தமிழ் பேசத் தொடங்கினோம்?

நான் பாளையங்கோட்டைக்காரி. புல்ஹெலிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராக இருக்கிறேன். வகுப்பு எனக்குச் சொற்களைக் கொடுத்தது. பேச வைத்தவர்கள் மனிதர்கள். ஒரே ஒருவர் போதும், ஆனால் அவரோடு முதல் நாளிலிருந்தே வெல்ஷ் மட்டும்தான் என்று இருக்க வேண்டும். நாளை விவரமாக எழுதுகிறேன், இப்போது பணிக்குக் கிளம்ப வேண்டும்.

20 ஜனவரி 2025

நேற்று விட்ட இடத்திலிருந்து.

இரண்டு பேர் எந்த மொழியில் அறிமுகம் ஆகிறார்களோ அந்த மொழியே அவர்களுக்குள் நிலைத்துவிடுகிறது. பிறகு மாற்றுவது கடினம். எங்கள் இல்லத்தில் என்னோடு பல வருடமாக வேலை செய்கிற ஒருவர் இருக்கிறார். வெல்ஷ்தான் அவருடைய வீட்டு மொழி. என்னுடைய வெல்ஷ் இப்போது நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் நாங்கள் இருவரும் தனியாக இருந்தால் ஆங்கிலத்தில்தான் பேசுகிறோம், ஏனென்றால் ஆங்கிலத்தில்தான் பழகினோம். வெல்ஷில் ஆரம்பித்தால் இருவருக்குமே யாரோ வேறு ஆளோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. அதே இல்லத்தில் பின்னால் வேலைக்குச் சேர்ந்த இளம்பெண்ணோடு முதல் நாளே வெல்ஷில் பேசினேன், அப்போது என் வெல்ஷ் உங்களுடையதைவிட மோசம். இன்றுவரை அவளோடு ஆங்கிலம் வாயில் வருவதில்லை.

அதனால் பள்ளி வாசலில் ஏற்கெனவே ஆங்கிலத்தில் பழகிய அம்மாக்களைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். அவர்கள்தான் இருப்பதிலேயே கடினமான ஆட்கள், உங்கள் நட்பு ஏற்கெனவே வேறு மொழியில் வேர்விட்டுவிட்டது. புதிதாக ஒருவரைத் தேடுங்கள்.

20 ஜனவரி 2025, மீண்டும்

எனக்குக் கிடைத்த அந்த ஒருவரைப் பற்றிச் சொல்லவில்லையே.

இல்லத்தில் ஒரு பாட்டி. தொண்ணூறைத் தாண்டியவர். வாழ்நாள் முழுக்க ஆங்கிலமும் பேசியவர்தான். மறதி நோய் முற்ற முற்ற ஆங்கிலம் அவரைவிட்டு நழுவிக்கொண்டே போனது. பின்னால் கற்ற மொழி முதலில் கைவிடுவது இந்த நோயாளிகள் பலரிடம் காண்பதுதான். குளிக்க வைக்கும்போது ஆங்கிலத்தில் பேசினால் மிரள்வார், கையைத் தட்டிவிடுவார். வெல்ஷில் "தண்ணீர் சூடாக இருக்கிறதா, இப்போது இடது கை" என்று மெதுவாகச் சொன்னால் இசைந்து கொடுப்பார். என்னிடம் இருந்தது சொற்பச் சொற்கள்தான், காலம் எல்லாம் தப்பாக வரும். அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நான் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாலும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பார், பதில் சொல்வார். இப்படி ஒரு ஆசிரியர் யாருக்குக் கிடைப்பார்?

"அவர்களுக்கு ஆங்கிலம் தெரியுமே" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் இவர் ஞாபகம்தான் வந்தது. தெரியும் என்பது எப்போதும் தெரியும் என்று ஆகாது. வேல்ஸ் அரசு 2012இல் மருத்துவத்துக்கும் பராமரிப்புக்கும் ஒரு கொள்கையே கொண்டுவந்தது. நோயாளி தானாக வாய்விட்டுக் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது, வெல்ஷ் சேவையை நாமே முன்வந்து தர வேண்டும் என்பது அதன் சாரம். உடல் தளர்ந்திருக்கும்போது மனிதர்கள் கேட்க மாட்டார்கள், சமாளித்துக்கொள்வார்கள். அதை நான் தினமும் பார்க்கிறேன்.

26 ஜனவரி 2025

"சரி அக்கா, புதியவர்களும் ஆங்கிலத்துக்குத்தானே மாறுகிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் மாறுவது உங்கள் வெல்ஷைத் தள்ளுவதற்காக அல்ல. ஒரு அறையில் பத்து பேர் வெல்ஷ் பேசிக்கொண்டிருக்கும்போது வெல்ஷ் தெரியாத ஒருவர் உள்ளே வந்தால் பத்து பேரும் ஆங்கிலத்துக்கு மாற வேண்டும், அதுதான் மரியாதை என்று தலைமுறை தலைமுறையாகப் பழகியிருக்கிறார்கள். உங்கள் முகத்தில் சிரமம் தெரிந்ததும் அந்தப் பழக்கம் தானாக வேலை செய்கிறது. உங்களுக்கு உதவுவதாகவே நினைக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை நான் மெல்லத்தான் புரிந்துகொண்டேன். வெல்ஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களில் எத்தனையோ பேருக்குத் தங்கள் வெல்ஷ் மேலேயே நம்பிக்கை இல்லை. "என்னுடையது அடுக்களை வெல்ஷ், உனக்கு வகுப்பில் சொல்லித் தருவதுதான் சரியான வெல்ஷ்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள் சொல்கிறார்கள் இதை! இந்தத் தாழ்வுணர்ச்சி சும்மா வந்ததில்லை. 1847இல் வேல்ஸின் கல்வி நிலை பற்றி அரசாங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. விசாரிக்க வந்த மூன்று ஆணையர்களுக்கும் வெல்ஷ் தெரியாது. மக்களின் அறியாமைக்கும் ஒழுக்கக்கேட்டுக்கும் அவர்கள் மொழியையும் ஒரு காரணமாக எழுதிவிட்டுப் போனார்கள். அந்தக் காலப் பள்ளிகள் பலவற்றில் வெல்ஷ் பேசிய குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டார்கள். இன்று எழுபது எண்பது வயதில் இருப்பவர்கள் அதைப் பார்த்தவர்கள் அல்ல. ஆனால் அவர்களிலும் நிறையப் பேர் பாடம் படித்தது ஆங்கிலத்தில்தான். வீட்டிலும் தேவாலயத்திலும் வெல்ஷ், படிவத்திலும் கடிதத்திலும் ஆங்கிலம். இன்றைக்கு வெல்ஷில் ஒரு அலுவலகக் கடிதம் வந்தால் ஆங்கிலப் பக்கத்தைத் திருப்பிப் படிப்பவர்கள் இவர்கள்.

இப்போது பள்ளி வாசலுக்கு வாருங்கள். "என் வெல்ஷ் அரைகுறை" என்று நீங்கள் நினைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். "வகுப்பில் படித்தவள், என் பேச்சைக் கேட்டால் என்ன நினைப்பாள்" என்று எதிரில் ஒருத்தி நினைத்துக்கொண்டு நிற்கக்கூடும். இரண்டு பேருக்கும் சுலபமான வழி ஆங்கிலம். அவர்களுடைய பொழுதை வீணாக்குகிறோம் என்ற எண்ணத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வெளியூரிலிருந்து வந்த ஒருத்தி அவர்கள் மொழியை ஆசைப்பட்டுக் கற்கிறாள் என்பது சின்ன விஷயம் இல்லை. நான் தடுமாறித் தடுமாறி ஒரு கதை சொல்லி முடித்தபோது ஒரு அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய சொந்தப் பேரப்பிள்ளைகள் வெல்ஷ் பேசுவதில்லை.

27 ஜனவரி 2025

நேற்று எழுதியதில் செய்முறையே இல்லை. இதோ.

பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: "டுயின் டஸ்கி", நான் கற்றுக்கொண்டிருக்கிறேன். கூடவே "அன் ஆரா டேக்", மெதுவாக. இந்த இரண்டும் சொன்னால் பெரும்பாலும் மாற மாட்டார்கள். மாறினாலும் நீங்கள் மாறாதீர்கள். அவர்கள் ஆங்கிலத்தில் கேட்கட்டும், நீங்கள் வெல்ஷில் பதில் சொல்லுங்கள். சிறிது நேரத்தில் அவர்களே திரும்பி வந்துவிடுவார்கள்.

அப்புறம் அந்த ஆரஞ்சு நிறப் பேச்சுக்குமிழிச் சின்னம். வெல்ஷ் பேசும் கடைக்காரர்கள், அலுவலர்கள் சட்டையில் குத்தியிருப்பார்கள். கற்பவர்களுக்கென்றும் ஒன்று உண்டு. நான் இல்லத்தில் குத்திக்கொள்கிறேன். முதல் வாக்கியத்தைச் சொல்லும் பாரத்தை அது எடுத்துக்கொள்கிறது, எதிரில் இருப்பவரே தொடங்கிவிடுவார்.

9 பிப்ரவரி 2025

தனியாகக் காரில் ஓட்டும்போது பேசிப் பழக என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். சேசம்திங்இன் ஒலிப்பாடங்களைக் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வரும், ஒரு இடைவெளி விடுவார்கள், நாம் வெல்ஷில் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் அவர்கள் சொல்வார்கள். அந்த இடைவெளிதான் அதன் உயிர். டியோலிங்கோவில் தட்டித் தட்டிச் சொற்கள் சேரும், வாய் திறக்காது. சேசம்திங்இன்னில் வடக்கத்தி வெல்ஷ், தெற்கத்தி வெல்ஷ் என்று தனித்தனிப் பாடம் இருக்கிறது, இருக்கும் ஊருக்கு ஏற்றதை எடுங்கள்.

ஆனால் காரில் எவ்வளவு பேசினாலும் கார் நமக்குத் துணை ஆகாது. ஜனவரியில் கேள்வி கேட்ட பாங்கர் அம்மா ஷாராட் திட்டத்தில் பெயர் கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறார். அது தேசிய வெல்ஷ் கற்றல் மையம் நடத்துவது. கற்பவர் ஒருவரையும் சரளமாகப் பேசுபவர் ஒருவரையும் சேர்த்துவிடுவார்கள், இருவரும் சந்தித்துப் பேசிக்கொள்வார்கள். பாடம் கிடையாது, பேச்சு மட்டும். நான் சொன்ன "முதல் நாளிலிருந்தே வெல்ஷ்" இங்கே யாரும் சொல்லாமலே நடந்துவிடுகிறது. சந்திப்பை வீட்டுக்கு வெளியே ஏதாவது ஒரு வேலையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து "இப்போது பேசுவோம்" என்றால் எந்த மொழியிலும் பேச்சு வராது. காய்கறி வாங்கப் போங்கள், நாயைக் கூட்டிக்கொண்டு நடங்கள்.

2 மார்ச் 2025

நேற்று தாவீது புனிதர் நாள். தேவாலயத்தில் பாடினோம். தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன்.

இந்தப் பக்கத்துப் பாடகர் குழுக்களில் மூத்தவர்கள் இன்னும் சோல்ஃபா பார்த்துப் பாடுகிறார்கள். ஐந்து கோட்டு இசைக்குறி இல்லை, ட, ர, ம என்று எழுத்தில் இருக்கும். முதல் ஒத்திகையில் ஒரு தாத்தா தாளை நீட்டி, இது உனக்குப் புரியாது, பக்கத்தில் நின்று கேட்டுக்கொள் என்றார். நான் பார்த்ததும் பாடிவிட்டேன். திருநெல்வேலிப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. சபைகளில் பாடகர் குழுவில் வளர்ந்தவர்களுக்குச் சோல்ஃபா புதிது இல்லையே. எனக்கும் எங்கள் அப்பா சொல்லிக்கொடுத்ததுதான். அந்தத் தாத்தா ஒத்திகையை நிறுத்தி எல்லோரிடமும் சொன்னார். அன்றிலிருந்து நான் அவர்களுக்குக் கற்க வந்தவள் இல்லை, ஆல்டோ வரிசையில் மூன்றாவது ஆள்.

பாட்டு உச்சரிப்புக்கும் நல்லது. நாக்கை மேலே ஒட்டிப் பக்கவாட்டில் காற்றை விடும் அந்த ல்ல் ஒலி எனக்குப் பேச்சில் வருவதற்கு முன்பே பாட்டில் வந்தது. ஒரு குழுவின் குரலுக்குள் நிற்கும்போது தனியாக யாரும் உங்களைக் கேட்பதில்லை, பயமும் இருப்பதில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது ஒத்திகைக்குப் பிறகு நடப்பதை. பானட், அதாவது ஒரு கோப்பை தேநீர். யாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை, யார் வீட்டை விற்கிறார்கள் என்று பேச்சு ஓடும். முதல் குளிர்காலத்தில் இரவுப் பணி முடிந்து தனியாக அறைக்குத் திரும்பி, யாரோடும் பேசாமல் தூங்கி, மறுபடி பணிக்குப் போன நாட்கள் எனக்கு உண்டு. இன்று ஒரு ஒத்திகைக்கு வராவிட்டால் இரண்டு பேர் தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள். வெல்ஷில்.

23 மார்ச் 2025

கார்டிஃபிலிருந்து ஒருவர்: "நீங்கள் இருப்பது குவினெத். எங்கள் தெருவில் வெல்ஷ் பேசும் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். உங்கள் யோசனை இங்கே செல்லாது."

நியாயம். 2021 கணக்கெடுப்பில் பாங்கரும் புல்ஹெலியும் அடங்கிய எங்கள் குவினெத்தில் வெல்ஷ் பேசுவோர் 64.4 சதவீதம், கார்டிஃபில் 12.2. வேல்ஸ் முழுக்க 17.8. இங்கே கடைக்குப் போனாலே மொழி காதில் விழும், அங்கே அதற்கென்று ஓர் இடத்துக்குப் போக வேண்டும். ஆனால் அதில் ஒரு நன்மையும் இருப்பதாக எனக்குப் படுகிறது. தேடிப் போகும் இடத்தில் எல்லோரும் வெல்ஷுக்காகவே வந்தவர்கள், யாரும் மரியாதைக்காக ஆங்கிலத்துக்கு மாற மாட்டார்கள். கார்டிஃபில் 1973 முதல் உள்ளூர் வெல்ஷ் மாதப் பத்திரிகை டினெசிட் இருக்கிறது. அதில் நிகழ்ச்சிப் பகுதியைப் பாருங்கள். காபி காலைகள், புத்தகக் குழுக்கள், நடைக் குழுக்கள் என்று ஏதாவது ஒன்று கட்டாயம் அகப்படும். உங்களுக்குப் பிடித்த வேலையைச் செய்யும் குழுவைத் தேர்ந்தெடுங்கள், மொழி பின்னாலேயே வரும்.

11 மே 2025

வார இறுதியில் நான்ட் குர்தெயர்ன் போய்வந்தேன். ல்லீன் தீபகற்பத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவே, செங்குத்தாக இறங்கும் பாதையின் அடியில் இருக்கிறது. கருங்கல் குவாரித் தொழிலாளர்கள் குடியிருந்த ஊர். குவாரி மூடியதும் மக்கள் ஒவ்வொருவராக வெளியேறி, 1950களில் ஊரே காலியானது. பக்கத்து ஊர் மருத்துவர் கார்ல் கிளவ்ஸ் முன்னின்று 1978இல் அந்தப் பாழடைந்த வீடுகளை வாங்க வைத்தார். ஊரில் வேலையும் வேண்டும், மொழியும் பிழைக்க வேண்டும் என்று. இன்று அது வெல்ஷ் கற்கும் மையம். அந்த வீடுகளில்தான் தங்குகிறோம்.

வகுப்புகள் நன்றாக இருந்தன. அதைவிடச் சாப்பாட்டு மேசை. என் எதிரே உட்கார்ந்தவர் இங்கிலாந்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அவருடைய அம்மா வெல்ஷ் பேசியவர், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மா இறந்த பிறகு கற்கத் தொடங்கியிருக்கிறார். உப்பைக் கேட்கக்கூட அவருக்கு நேரம் எடுத்தது. மேசையில் யாரும் அவசரப்படவில்லை, உப்பை நகர்த்தியும் வைக்கவில்லை. அவர் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்தோம்.

கற்பவர்களோடு மட்டும் பேசினால் தப்பையே கற்றுக்கொள்வோம் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். கொஞ்சம் உண்மைதான். ஆனால் கற்பவர்களிடம்தான் காத்திருக்கும் பொறுமை இருக்கிறது. இரண்டு வகை ஆட்களும் வேண்டும்.

15 ஜூன் 2025

பாலுக்கு எந்த வெல்ஷ் சொல் சரி என்று இங்கே நடக்கும் சண்டையை நிறுத்துங்கள். வடக்கே ல்லெவ்ரித், தெற்கே ல்லாய்த். இரண்டுமே பால்தான், இரண்டுக்கும் தேநீர் நிறம் மாறும். தென்பக்கத்து ஆசிரியர் கிடைத்தால் தென்பக்கத்துப் பேச்சைக் கற்றுக்கொள்ளுங்கள், யாரோடு பேசுகிறீர்களோ அவர்கள் பேச்சு தானாக வந்து ஒட்டும்.

10 ஆகஸ்ட் 2025

ரெக்ஸம் பக்கத்தில் நடந்த தேசிய ஐஸ்டெத்வொட் என்ற வெல்ஷ் கலை விழாவிலிருந்து நேற்றுத்தான் திரும்பினேன். கவிதை, பாட்டு, நாடகம், மேடையில் எல்லாம் வெல்ஷ் மட்டும். வாசலில் மொழிபெயர்ப்பைக் கேட்கும் காதுக் கருவி இலவசமாகத் தருவார்கள். வாங்காதீர்கள். புரிந்தவரை போதும்.

கற்பவர்களுக்கான கூடாரத்தில் படகோனியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணோடு பேசினேன். 1865இல் லிவர்பூலிலிருந்து மிமோசா என்ற கப்பலில் அர்ஜென்டினாவுக்குப் போன வெல்ஷ்காரர்களின் வம்சம். அங்கே சுபுட் பள்ளத்தாக்கில் கைமன் என்ற ஊர். அவளுக்கு ஸ்பானிஷும் வெல்ஷும் தெரியும், ஆங்கிலம் வராது. எனக்கு ஸ்பானிஷ் வராது. எங்களுக்கு நடுவில் இருந்தது வெல்ஷ் மட்டும். தப்பிக்க வழியே இல்லை என்றதும் நான் பேசிய வேகத்தை நானே எதிர்பார்க்கவில்லை. சொல் கிடைக்காதபோது சுற்றிச் சுற்றி விளக்கினோம், கையால் காட்டினோம். அவள் ஊரின் வாய்க்கால் பாசனம் பற்றிச் சொன்னாள், நான் தாமிரபரணிக் கால்வாய்கள் பற்றிச் சொன்னேன். மடையைத் திறப்பதற்கு என்ன சொல்வது என்று இருவருக்குமே தெரியவில்லை, பக்கத்தில் இருந்த ஒரு விவசாயியைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவரும் உட்கார்ந்துவிட்டார்.

ஜனவரியில் கேட்ட கேள்வியில் "எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியுமே" என்று இருந்தது. எல்லோருக்கும் தெரியாது என்பதற்கு இன்னொரு சாட்சி.

16 அக்டோபர் 2025

நேற்று ஷ்மாய் சுமாய் நாள், யாரைப் பார்த்தாலும் முதல் சொல்லை வெல்ஷில் சொல்லும் நாள். ஜனவரியில் கேள்வி கேட்ட பாங்கர் அம்மா எழுதியிருக்கிறார். ஷாராட் துணை ஓய்வுபெற்ற நூலகர், இப்போது வாரம் தவறாமல் சந்திக்கிறார்களாம். பள்ளி வாசலில் புதிதாகச் சேர்ந்த ஒரு குழந்தையின் அப்பாவோடு முதல் நாளே வெல்ஷில் பேசியிருக்கிறார். பழைய அம்மாக்களோடு மட்டும் இன்னும் ஆங்கிலம்தான், அதற்கு வழி உண்டா என்று கேட்கிறார்.

உண்டு. இருவரும் பேசி ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நடக்காது. "இனி வெள்ளிக்கிழமை மட்டும் உன்னோடு வெல்ஷில் பேசலாமா" என்று ஒருத்தியிடம் நேராகக் கேளுங்கள். நான் முதலில் சொன்ன அந்தச் சக ஊழியரிடம் போன மாதம் இப்படித்தான் கேட்டேன். மருந்து கொடுக்கும் நேரத்தில் மட்டும் வெல்ஷ் என்று ஒப்பந்தம். முதல் வாரம் இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தோம். இப்போது மருந்து வண்டியைத் தள்ளத் தொடங்கியதுமே அவர் வெல்ஷுக்குப் போய்விடுகிறார். மதிய உணவுக்கும் நீட்டிக்கலாமா என்று அவரே கேட்டிருக்கிறார். அடுத்த வாரத்திலிருந்து தொடங்குகிறோம்.